ஒற்றைத் தகர அடுப்பு

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
9 மார்ச் 1997

அன்புத் தம்பி இனியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ, புஷ்பா, குழந்தை வான்மதி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குப் போன மாதம் வந்த காய்ச்சல் முழுசாக விட்டதா?

இதையெல்லாம் ஃபோனிலேயே பேசலாமே என்பாய். ஃபோனில் நீ சேல்ஸ் மேனேஜர். நான் வாயைத் திறப்பதற்குள் என் அடுப்பை எனக்கே விற்றுவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி அடுப்பு விஷயம் எல்லாம் கடிதத்தில்தான்.

நான் செய்த அடுப்பைக் காட்ட டான்சானியா போய் வந்த களைப்பு இப்போதுதான் தீர்ந்தது. இரிங்கா பக்கத்து மலைக்கிராமம் அது. குளிருக்கு வீட்டுக்குள்ளேயே மூன்று கல் வைத்துச் சமைக்கிறார்கள். சுவரெல்லாம் கரி, பெண்களுக்கெல்லாம் இருமல். ரெஹேமா என்ற பள்ளிக்கூட டீச்சர் வீட்டில் ஊர்ப்பெண்கள் கூடினார்கள். அவளுக்குப் பால்குடி மறக்காத பெண் குழந்தை, பெயர் நீமா. அங்கே அம்மாவை 'மாமா' என்கிறார்கள். 'மாமா நீமா' என்று ரெஹேமாவைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு மாமா ஞாபகம் வந்து சிரிப்பாக இருந்தது.

அவள் வீட்டிலேயே என் அடுப்பை மூட்டினேன். உகாலி என்று ஒன்று கிண்டுகிறார்கள், அப்படியே நம் ஊர்ச் சோளக்களி. அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். குழந்தை சாய்ந்தாலும் சுடாது என்றேன். ரெஹேமாவும் கை வைத்தாள், சிரித்தாள், மற்றவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொன்னாள். ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். பகலெல்லாம் ஆபீஸில் பாய்லர் பர்னரோடு மாரடிக்கிறேனே, அங்கே ஒரு நாளும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த மாதிரி அடுப்பைக் கழற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். டிராயிங் தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு தகரச் சுவர், நடுவில் சாம்பல். சாம்பல்தான் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். உள்ளே நல்ல சூடு இருந்தால்தான் புகையும் சேர்ந்து எரியும். மிச்சம் புகைபோக்கி வழியாகக் கூரைக்கு வெளியே போய்விடும். பணம் திரட்டுவதும் செய்து அனுப்புவதும் உன் பாடு. பெயிண்ட் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அடித்துக்கொள். வேறு எதிலும் கை வைக்காதே.

உன் அக்கா,
எழிலரசி


பிளானோ, டெக்சஸ்
18 மே 1997

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உங்கள் இருவர் சுகமும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. புஷ்பாவுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. வான்மதிக்குக் காய்ச்சல் போயே போச்சு. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அது மட்டும்தான் வியாதி.

அக்கா, நீ கொடுத்தது அடுப்பு. நான் அதை ஒரு இயக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறேன். ஃபவுண்டேஷன் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. எங்கள் வைஸ் பிரசிடென்ட்டை லஞ்சுக்குக் கூட்டிப்போய் உன் போட்டோக்களைக் காட்டினேன். மனுஷன் உருகிவிட்டார். கம்பெனி மீட்டிங்கில் மேடையேறி, 'இந்த வருஷத்துக்குள் ஆயிரம் வீடு' என்று அறிவித்தே விட்டார். கைதட்டல் அடங்கவில்லை. ஃபவுண்டேஷன் போர்டில் என்னைத்தான் பிரசிடென்ட்டாகப் போட்டிருக்கிறார்கள்.

கார்லண்டில் ஒரு தகரப் பட்டறை பிடித்திருக்கிறேன். பேக்கிங் வசதிக்காகச் சின்னச் சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சொல்கிறார்கள். நீ கவலைப்படாதே. உன் அடுப்பு வேலைக்கு இனி கராஜ் வேண்டாம், மாமா இனியாவது காரை உள்ளே நிறுத்தட்டும்.

பாசமுள்ள தம்பி,
இனியன்


பிளானோ
26 அக்டோபர் 1997

அன்பு அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் தீபாவளி வாழ்த்துகள். இங்கே நாங்கள் மூவரும் நலம். புஷ்பா அதிரசம் சுட்டாள். பாதி உதிர்ந்துவிட்டது, மீதியை நான் தின்றுவிட்டேன்.

ஜூனில் நீ போட்ட கடிதம் வந்தது. அட்ஜஸ்ட்மென்ட் என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். ஒரே டிராவல், உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. நேரில் விளக்குகிறேன்.

பெரிய செய்தி கேள். கண்டெய்னர் போய்ச் சேர்ந்துவிட்டது! ஆயிரம் அடுப்பும் கொடுத்து முடித்தாயிற்று. உன் ரெஹேமா புது அடுப்போடு நிற்கிற போட்டோ வைத்திருக்கிறேன், பார். தமிழ்ச் சங்கத்து தீபாவளி விழாவில் இதைப் பெரிதாக்கி வைக்கப் போகிறோம். அடுத்த மே மாதம் இரண்டாவது கண்டெய்னர்.

உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அக்கா.

தம்பி,
இனியன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
9 நவம்பர் 1997

தம்பி இனியனுக்கு,

அக்கா. நாங்கள் நலம். புஷ்பாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

போட்டோ வந்தது. அதில் ரெஹேமா அடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இனியன், என் அடுப்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே அவ்வளவு சாம்பல். அவள் எப்படி ஒரு கையால் தூக்குகிறாள்?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

எழிலரசி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
25 ஜனவரி 1998

இனியனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். நவம்பரில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். புது வருஷ கார்டு வந்தது, பதில் வரவில்லை. அதனால் இருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு நானே இரிங்கா போய்விட்டு வந்தேன்.

மழைக்காலம். ரெஹேமா வாசலில் நின்றாள். போன தடவை கட்டிப்பிடித்தவள் இந்தத் தடவை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டாள். அடுப்பு எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் காட்டினாள். அதற்குள் கோழி படுத்திருந்தது.

கோழியை விரட்டிவிட்டு அடுப்பைத் தூக்கினேன். ஒரு கையால் தூக்கினேன், இனியன். ஒற்றைத் தகரம். சாம்பல் இல்லை, சாம்பல் போட இடமும் இல்லை. புகைபோக்கியும் இல்லை. வாளி மாதிரி கீழே சிறுத்து மேலே அகன்றிருக்கிறது. எதற்கு அப்படி என்று அப்போதே புரிந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் கண்டெய்னரில் ஆயிரமும் ஏறும்.

பக்கத்து வீட்டில் ஒருத்தி இன்னும் அதில்தான் சமைக்கிறாள். ஈர விறகு. களி கிண்டும்போது அடுப்பு நகர்கிறது, அவள் அதைக் காலால் மிதித்துக்கொண்டே கிண்டுகிறாள். அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. மூன்று கல்லுக்கு இருந்த புகை இதைவிடக் குறைவு.

திரும்பி வந்தபோது ரெஹேமா நீமாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். குழந்தைக்கு இப்போது நடை பழகும் வயது. நீமாவின் வலது கையை விரித்துக் காட்டினாள். இரண்டு விரல்கள் விரியவில்லை. தோல் வெந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நீ கை வைத்தாய்," என்றாள் ரெஹேமா. "நானும் வைத்தேன். மூன்று கல் இருந்தபோது குழந்தைகளை விரட்டிக்கொண்டே இருப்போம். சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். இது சுடாது என்று நீ சொன்னாய். அதனால் முதல் நாள் மூட்டியதும் இவள் பக்கத்தில் போனபோது நான் விரட்டவில்லை."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. டீச்சர் மாதிரி வரிசையாகச் சொன்னாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வெளிச்சுவர் எங்கே, இது என் அடுப்பு இல்லை என்றேன். "உன் பேர் அடித்திருக்கிறதே," என்றாள். குனிந்து பார்த்தேன். அடித்திருக்கிறது. எழிலரசி ஸ்டவ் என்று, பூப்போட்ட எழுத்தில்.

யார் அந்தச் சுவரை எடுத்தது? எடுக்கும்போது உனக்குத் தெரியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும்.

எழிலரசி


பிளானோ
22 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கும் நலமே விளைக.

குழந்தை விஷயம் கேட்டு நாங்கள் எல்லோரும் மிகவும் வருந்தினோம். ஆஸ்பத்திரிச் செலவை ஃபவுண்டேஷன் ஏற்கும். மற்றபடி எதையும் எழுத்தில் பேச வேண்டாம் என்று லாயர் சொல்லியிருப்பதால் நீ கேட்டதற்குள் நான் போகவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். மூன்று கல் அடுப்பிலும் குழந்தைகள் சுட்டுக்கொள்ளத்தான் செய்கிறார்கள். உன் டிசைன் அருமையானதுதான், ஆனால் அப்படிச் செய்தால் ஆயிரத்தில் பாதிகூடக் கண்டெய்னரில் ஏறாது. உன்னை மாதிரி எஞ்சினியர்களை விட்டால் கராஜில் உட்கார்ந்து பத்து வருஷம் செதுக்கிக்கொண்டே இருப்பீர்கள். யாராவது ஒருத்தர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? இதற்காக நான் எத்தனை வீக்எண்ட் குழந்தையைப் பார்க்காமல் அலைந்திருக்கிறேன் தெரியுமா? அதற்கு நன்றி வேண்டாம். குற்றவாளிக் கூண்டிலாவது ஏற்றாதே.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி இங்கே ஃபண்ட்ரெய்சிங் டின்னர். உனக்கு அவார்டு கொடுக்கிறார்கள். வந்து வாங்கிக்கொண்டு போ. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இனியன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
8 மார்ச் 1998

இனியனுக்கு,

நலம். என் கடிதத்தை நீ படிக்கவே இல்லை. படித்திருந்தால் மூன்று கல்லைப் பற்றி எனக்கு எழுதியிருக்க மாட்டாய். அதற்கு ரெஹேமா உனக்கு முன்பே பதில் சொல்லிவிட்டாள். திரும்பப் படி.

வருகிறேன். அவார்டு வாங்க இல்லை. டின்னருக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன். ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம்.

எழிலரசி


பிளானோ
14 ஏப்ரல் 1998

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. எங்கள் சுகத்தை நீ பார்த்துவிட்டுத்தானே போனாய்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். டாக்சியில் வந்து இறங்கினாய். புஷ்பா கொடுத்த காபியைத் தொடவில்லை. கராஜில் டிஸ்ப்ளேக்கு வைத்திருந்த அடுப்பைத் தூக்கிவந்து கிச்சன் நடுவில் வைத்தாய். வேலியோரம் மழையில் நனைந்து கிடந்த ஓக் கட்டையைப் பொறுக்கி வந்தாய். புஷ்பாவையும் வான்மதியையும் பேக்யார்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாய். ஜன்னல்களையும் சாத்தினாய். சோளமாவு வேறு சூட்கேசில் கொண்டுவந்திருந்தாய்.

"களி வேகற வரைக்கும் நீ நகரக் கூடாது," என்றாய்.

நான் ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். கண் எரிந்தது, மூச்சு முட்டியது, ஸ்மோக் அலாரம் வீட்டையே கிழித்தது. நீ இருமிக்கொண்டே கிண்டினாய். வெளியே கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு வான்மதி அழுதாள். "டாடி, ஓப்பன் த விண்டோ!" என்று கத்தினாள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்த வீட்ல ஜன்னல் இல்ல கண்ணு," என்று அவளுக்குப் பதில் சொன்னாய்.

அதோடு விட்டாயா? என் மணிக்கட்டைப் பிடித்து அந்தத் தகரத்தின் பக்கம் இழுத்தாய். "வைடா கையை. சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தானே, வை," என்றாய். நான் உதறிவிட்டேன். அதற்கு நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உனக்கு உதறத் தெரியுது. நீமாவுக்கு அந்த வயசு இல்லடா."

பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் பண்ணி ஃபயர் இஞ்சினே வந்துவிட்டது. தெருவே வெளியில் நின்றது. நீ அவார்டும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம் என்று அப்படியே ஏர்போர்ட் போய்விட்டாய்.

இது சின்னக் குழந்தை இருக்கும் வீடு, அக்கா. இனிமேல் எனக்கு எழுதாதே.

இனியன்


பிளானோ
10 மே 1998

அன்புள்ள அண்ணிக்கு,

புஷ்பவல்லி எழுதுகிறேன். நீங்களும் அண்ணாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வான்மதி நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

என் கிச்சன் சீலிங்கை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை போட என் அடுப்படிதான் கிடைத்ததா? குழந்தை இப்போதும் டோஸ்டர் சத்தம் கேட்டால் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொள்கிறாள். உங்கள் கோபம் நியாயம்தான். அதை என் பிள்ளை எதிரில் காட்டியது நியாயம் இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டின்னர் நடந்தது. எழுதி வைத்திருந்ததை அவர் அப்படியே பேசினார். உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த டீச்சர் படம் திரையில் வந்தபோது மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் அவார்டையும் அவரே வாங்கினார். அது கார் டிக்கியில் கிடக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

இரண்டாவது கண்டெய்னர் போகவில்லை, அண்ணி. பட்டறையில் தாமதம் என்று போர்டிடம் சொல்கிறார். பட்டறைக்கு ஃபோன் பண்ணி நிறுத்தச் சொன்னதே அவர்தான். நான் பக்கத்து ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அதைப் பற்றிக் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
புஷ்பா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
7 ஜூன் 1998

இனியனுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இங்கே நலம். வான்மதியிடம் அத்தை மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவளிடம் மட்டும்தான் கேட்கிறேன், உன்னிடம் இல்லை.

அடுப்புக்கு இனி என் பெயர் கூடாது என்று போர்டுக்கு எழுதிவிட்டேன். இரண்டாவது கண்டெய்னர் போனால் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவர்கள் லாயர் எனக்குப் பதில் போடட்டும்.

போகாத அடுப்பை விடு. போனவை ஆயிரம் வீட்டில் இருக்கின்றன. அதற்கு என்ன செய்யப் போகிறாய்?

வெளிச்சுவருக்கான தகரத்தை நானும் மாமாவும் வெட்டிக்கொண்டிருக்கிறோம். சுருட்டி அனுப்பலாம். அங்கே போய் உன் ஒற்றைத் தகரத்தைச் சுற்றி மாட்டி, நடுவில் சாம்பல் நிரப்பி, பின்னால் ஓட்டை போட்டுப் புகைபோக்கி வைக்க வேண்டும். இரிங்காவிலேயே தகர வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், போன தடவை கொடுத்தது தப்பான சாமான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைக் கூலிக்குச் சொல்ல முடியாது.

போன தடவை நான் போய் அவள் முன்னால் நின்று பேச்சு வாங்கினேன். இந்தத் தடவை நீ போ.

எழிலரசி


இரிங்கா, டான்சானியா
13 செப்டம்பர் 1998

அக்காவுக்கு,

இனியன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மாமாவும் சுகம்தானே? பிளானோவில் அவர்கள் இருவரும் நலம். வாரம் ஒருமுறை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் பண்ணுகிறேன்.

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. போர்டிலிருந்து விலகிவிட்டேன். ஆபீசில் சம்பளம் இல்லாத லீவு. வைஸ் பிரசிடென்ட் கைகொடுத்து அனுப்பினார். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கவில்லை.

முதல் நாளே ரெஹேமா வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் யார் என்று கேட்டாள். உன் தம்பி என்றேன். "அடுப்பை அனுப்பியது யார்?" என்றாள். நான் என்றேன். "சுவர் எங்கே என்று உன் அக்கா கேட்டாளே. சுவரை எடுத்தது யார்?"

நான் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டாள்.

வாசலிலேயே இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. மறுநாளும் போனேன். அதன்பிறகு தினமும் வேலைக்குப் போகும் வழியில் போய் நிற்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என்னைத் தாண்டித்தான் போகிறாள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. மற்ற வீடுகளில் உள்ளே விடுகிறார்கள். சில வீட்டில் திட்டிவிட்டு விடுகிறார்கள். பாஷை புரியவில்லை, திட்டுவது புரிகிறது. நீ அனுப்பிய தகரத்தில் இன்னும் மாட்ட வேண்டியது மலைபோல் கிடக்கிறது.

நீமாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு விரல் விரிகிறது. இன்னொன்று இனிமேல் விரியாது என்று டாக்டர் சொன்னார்.

நான் இங்கே இருந்து என்ன ஆகப் போகிறது என்று சில நாள் தோன்றுகிறது.

இனியன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
4 அக்டோபர் 1998

இனியனுக்கு,

அக்கா. நாங்கள் இருவரும் சுகம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. காய்ச்சிவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நீயே காய்ச்சு.

உன் கடிதத்தை மாமாவும் படித்தார். பாவம் என்றார். நான் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தியது சரி. நானாக இருந்தால் கல்லால் அடித்திருப்பேன். எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை, இப்போதைக்குத் தீரும் என்றும் தோன்றவில்லை. நீ அங்கே கிடந்து உழைத்தால் அது குறையும் என்று கணக்குப் போடாதே. அந்த விரல் விரியுமா?

வேலைக்கு வருகிறேன். சாம்பலைச் சலித்துப் போடு. கரித்துண்டு இருந்தால் உள்ளேயே கனன்று தகரத்தை அரித்துவிடும். புகைபோக்கி கூரையைத் தாண்டும் இடத்தில் புல் இருந்தால் சுற்றிலும் ஒரு முழம் வெட்டிவிட்டுத் தகர வளையம் போடு. அவசரத்தில் அதை விட்டுவிட்டு வீட்டைக் கொளுத்தாதே.

இருந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. நாளைக்கும் அவள் வீட்டுக்குப் போ. கையில் பொம்மை, மிட்டாய் எதுவும் கொண்டுபோகாதே. அவள் ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். பட்டறை, போர்டு என்று ஆரம்பிக்காதே.

கதவு திறந்தால் எழுது. திறக்காவிட்டால் அதையும் எழுது.

அக்கா